சுவரொட்டி

தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடை முன்னால் அண்ணனைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். மாரடைப்பு வந்து, இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து தனியாக எம்ஆர்டி ரயில் ஏறி வரும் அளவுக்குத் தேறிவிட்டாரே என்று நினைத்தேன்.

"என்னண்ணே, அதுக்குள்ள கறியா?"

"கறி இல்லம்மா, சுவரொட்டி. ரத்தம் ஊறும்ல."

ஆட்டின் மண்ணீரலை எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம். பிள்ளை பெற்றவளுக்கும் சோகை பிடித்தவர்களுக்கும் வறுத்துக் கொடுப்பார்கள். அண்ணனுக்கு எதற்கு?

"நீதானே சொன்னே, எனக்கு ரத்தம் தண்ணியாயிடும்னு."

நான் அப்படிச் சொல்லவில்லை. நான் மருந்தாளுநர். அவர் வீடு திரும்பிய அன்று ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் கையில் கொடுத்து, "இது ரத்தத்தை நீர்க்கவைக்கிற மாத்திரை" என்றேன். ஆங்கிலத்தில் எல்லாரும் சொல்வதை அப்படியே தமிழாக்கியிருந்தேன். அண்ணனோ வருடக்கணக்காக ரத்த தானம் செய்தவர். ஒருமுறை, "ரத்தம் தண்ணியா இருக்கு அங்கிள், இன்னைக்கு எடுக்க முடியாது" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை இன்றுவரை அவமானமாகவே வைத்திருக்கிறார். நீர்த்த ரத்தம் என்றால் அவருக்கு எதற்கும் உதவாத ரத்தம்.

முழங்கைக்குக் கீழே ஊதாவாகக் கன்றியிருந்த இடத்தைக் காட்டினார். அது இந்த மாத்திரைகளால் வருவதுதான். அவருக்கு அதுவே சாட்சியாகிவிட்டது.

"மாத்திரை போடுறீங்கல்ல?"

"ரெண்டையும் நிப்பாட்டி ஆறு நாளாச்சு. இப்பத்தான் தெம்பா இருக்கு லா."

ஸ்டென்ட் இன்னும் வெறும் உலோகக் கம்பிவலை, குழாயின் உள்சதை அதை மூடியிருக்காது. ரத்தத்தில் ஓடும் தட்டணுக்களுக்கு அப்படி ஒரு அந்நியச் சுவர் கிடைத்தால் போதும், ஒட்டித் திரண்டு குழாயையே அடைத்துவிடும். மாத்திரை பட்ட தட்டணு தன் ஆயுள் முழுக்கச் சரியாக ஒட்டாது. ஆனால் உடம்பு தினமும் புதியவற்றைச் செய்துகொண்டே இருக்கிறது. ஆறு நாளில் பாதிக்கு மேல் மாத்திரையையே அறியாதவை வந்திருக்கும். அண்ணன் எந்த நிமிடமும் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழலாம். விழாமல், இஞ்சி பூண்டு விழுது வாங்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனைக்குப் போன் போட்டேன். உடனே கூட்டி வரச் சொன்னார்கள். டாக்சியில் அவர் மடியில் சுவரொட்டிப் பொட்டலம் இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குச் சொல் கிடைத்தது.

"அண்ணே, உங்க ரத்தம் தண்ணியாகல. முன்ன இருந்த மாதிரியேதான் இருக்கு. அதுக்குள்ள போஸ்டர் ஒட்டுறவனுங்க மாதிரி ஒரு கூட்டம் சுத்துது. சுவரக் கண்டா ஒட்டிருவானுங்க, ஒருத்தன் மேல பத்து பேரு. மாத்திரை அவனுங்க கையில இருக்கிற பசையப் புடுங்கிருது. அவ்வளவுதான்."

அண்ணன் மடியிலிருந்த பொட்டலத்தை ஒருமுறை பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல? படிச்சவன் பாட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் வந்த கோபம்.

ஈசிஜி நன்றாக இருந்தது. மருத்துவர் முன்னாலேயே அண்ணன் இரண்டு மாத்திரைகளையும் விழுங்கினார். விழுங்கிவிட்டு, சுவரொட்டி கெட்டுப்போகுமே, நர்ஸிடம் சொல்லிக் குளிர்பெட்டியில் வைக்க முடியுமா என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அன்று நான் மீன் வாங்கத்தான் சந்தைக்குப் போனேன். போகாமலும் இருந்திருக்கலாம். இருபது வருடமாக மருந்துக் கவுண்டரில் நின்று, இந்த மாத்திரைகளை வாங்க வந்த தமிழ் பேசும் ஒவ்வொருவரிடமும் 'ரத்தத்தை நீர்க்கவைக்கிற மாத்திரை' என்ற அதே சொல்லைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் ஒருவரைக்கூட நான் சந்தையில் பார்த்ததில்லை.