அண்ணாவின் ஸ்டென்டும் ஆறு நாள் விரதமும்

அப்போது நான் மெல்பேர்னில் ஓர் ஆய்வுகூடத்தில் ஸ்டென்ட் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். இதய நாளத்தில் அடைப்பு எடுத்த இடத்தில் வைக்கும் சிறு வலைக்குழாய் அது. பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை விட மெல்லியது. அதன்மேல் மருந்து கலந்த பொலிமர் பூச்சு. உடற்சூட்டில் வைத்த உப்புநீரில் அதைப் போட்டு, குறித்த நேரங்களில் நீரை எடுத்து, எவ்வளவு மருந்து கசிந்திருக்கிறது என்று அளப்பேன். மாதக்கணக்கில் இதே வேலை. அலுப்புத்தான். ஆனாலும் எனக்குத் தலைக்கனத்துக்குக் குறைவில்லை.

மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் இருந்த அண்ணாவுக்கு அப்படி ஒன்று வைத்தபோது அந்தத் தலைக்கனம் இரட்டிப்பானது. அவருடைய கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு விளக்கம் கொடுத்தேன்.

"மருந்து அதுக்குள்ளயே இருக்கு அண்ணா. கொஞ்சம் கொஞ்சமாத் தானாக் கசியும். நானே ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

"அப்ப என்ர நெஞ்சுக்குள்ள ஒரு பாமசி எண்டு சொல்லு," என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்த மருந்து நாளம் மறுபடி தடிக்காமல் இருக்க மட்டுந்தான். இரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் குளிசை போட்டே ஆகவேண்டும். அதை டொக்டர் சொல்லுவார் என்று விட்டுவிட்டேன். அவர் சொல்லியும் இருந்தார்.

ஐப்பசியில் கந்தசஷ்டி வந்தது. அண்ணா ஆறு நாளும் தவறாமல் பிடிப்பவர். பொழுதுபட்டபின் பாலும் பழமும், அவ்வளவுதான். களைத்துப் போவாரே என்று பயந்து, தண்ணீர் குடிக்கச் சொல்லித் தினமும் போன் செய்தேன். குளிசையைப் பற்றிக் கேட்க என் புத்திக்கு எட்டவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

ஆறாம் நாள், சூரன்போர் முடியுமுன்னே, கோயில் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது உள்ளே கொண்டு போயிருந்தார்கள். வெளியே வந்த டொக்டர், ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டிவிட்டது என்றார். குளிசையை நிறுத்தினாரா என்று கேட்டார். நான் அண்ணியைப் பார்த்தேன்.

"விரதத்துக்குக் குளிசை வேண்டாமெண்டவர். நான் சண்டை பிடிச்சனான். 'தங்கச்சி சொன்னவள், மருந்து உள்ளுக்கையே இருக்காம், ஆறு நாளைக்கு அது காணும்' எண்டார். நீர் சொன்னதெண்டபடியா நான் பிறகு ஒண்டும் சொல்லேல்லை."

அண்ணி என்னைக் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணா கிடக்க, இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர என் படிப்பால் ஒன்றும் ஆகவில்லை. விடியுமுன் அவர் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, என் ஸ்டென்டுகள் இளஞ்சூட்டு நீரில் அப்படியே இருந்தன. வழக்கம்போல நீரை எடுத்து அளந்தேன். அண்ணாவுக்கு நான் சொன்னபடியே, மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருந்தது.