அலையும் ஜக்கெற்றும்

தஹிட்டித் தீவில் தார் வீதி முடிகிற இடத்தில், அலைச்சறுக்குக்குப் பேர்போன கிராமம் இது. ரொறன்ரோப் பனிக்குள் போட்டுக்கொண்டு வந்த தடித்த ஜக்கெற்றை வேர்க்க வேர்க்கக் கையில் சுமந்து நிற்கிறேன். தூரத்தில் வீட்டுயர அலை ஒன்று, பலகையில் நின்ற பெடியனை மூடுகிறது.

“ஐயோ, அள்ளுப்பட்டுப் போட்டான்!” என் மனைவி கத்துகிறாள்.

பக்கத்தில் மீன் வெட்டும் பெண் நிமிரவேயில்லை. “என் மகன்தான். வருவான்,” என்கிறாள் அரைகுறை ஆங்கிலத்தில். அவன் அலைக்குள்ளிருந்து சிரித்தபடி வருகிறான்.

அவள் ஜக்கெற்றைக் காட்டி, எதற்கென்று கேட்கிறாள்.

“உது இல்லாமல் வெளியில போனால் காது விறைச்சுப்போகும் எண்டு சொல்லுங்கோப்பா,” என்கிறாள் மனைவி. சொல்கிறேன்.

“பிள்ளைகளும் அந்தக் குளிருக்குள்ளேயா?”

ஓமென்று தலையாட்டுகிறோம்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு, செத்தவீட்டுக்கு வந்தவள்போல என் மனைவியின் கைகளைப் பிடித்துக்கொள்கிறாள்.