ஆர்கன் மேல் ஒரு லாரிக் கண்ணாடி

புதுச்சத்திரம் மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர் எவரும் என் பட்டறையைப் பார்க்காமல் போக முடியாது. வெறும் சேசிஸாக உள்ளே வரும் வண்டி முழு லாரியாக வெளியே போகும். அந்த இடம் முள்ளுக்காடாகக் கிடந்தது. வெட்டித் திருத்தியவன் நான். கரண்டு வராது என்றார்கள், வரவழைத்தேன். போர்வெல் போடும் ரிக் வண்டிக்கெல்லாம் நீ பாடி கட்டுவாயா என்று சிரித்தார்கள், கட்டினேன். என் கை பட்ட வண்டிகள் அசாம் வரைக்கும் ஓடுகின்றன. நம் சபையின் சுற்றுச்சுவர், இரும்புக் கேட்டு, மணிக்கூண்டு ஏணி எல்லாம் என் வெல்டிங். ஐந்தாம் வகுப்புக்கு மேல் எந்தப் பள்ளிக்கூடமும் என்னைப் பார்த்ததில்லை.

ஆனால் நான் முதன்முதலில் போல்ட்டு முடுக்கியது எந்த வண்டியிலும் இல்லை. நம் வேதக்கோயிலுக்குள்ளே, என் அப்பா வாசித்த ஆர்கனில். சபையின் நூற்றாண்டு மலரில் அப்பாவைப் பற்றிப் போடப்போகும் வரிகளைப் போன வாரம் என் பேத்தி படித்துக் காட்டினாள். “பெற்ற மகளின் கல்யாணத்தில்கூடத் திரும்பிப் பார்க்காமல் வாசித்த பக்தர்” என்று எழுதியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதனால்தான் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அப்பா வாரம் முழுக்க ஜவ்வரிசி ஆலையில் மாவோடு மாவாகக் கிடப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் அத்தனை பேரையும் கிணற்றடியில் வரிசையாக நிறுத்திச் சீயக்காய் தேய்த்து ஊற்றுவார். அக்காவுக்குத் தலை பின்னிவிடுவதும் அவர்தான். அம்மா பின்னினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் கட்டைகளின் மேல் ஓடும் அதே விரல்கள், அதே வேகத்தில், அக்காவின் கூந்தலில் ஓடும்.

அந்த ஆர்கனைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கரண்டு கிடையாது. அடியில் இரண்டு மிதிகட்டைகள் இருக்கும். கால் மாற்றி மாற்றி மிதித்தால்தான் உள்ளே காற்று ஏறும், சத்தம் வரும். காலை எடுத்தால் பாட்டு அங்கேயே செத்துவிடும். வாசிக்கிறவர் சபைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். பின்னால் போதகர் கை காட்டுகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே அப்பாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

பள்ளிக்கூடம் போகாமல் லாரி ஷெட்டில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஒரு யோசனை வந்தது. அடிபட்டுக் கிடந்த லாரி ஒன்றின் பக்கக் கண்ணாடியை ஃபிட்டரிடம் கெஞ்சி வாங்கினேன். மூலையில் சின்ன விரிசல். நடுவில் புடைத்த கண்ணாடி என்பதால் எதிரில் இருப்பதெல்லாம் சின்னதாக, ஆனால் முழுசாகத் தெரியும். ஆர்கனின் தலையில் கிளாம்பு வைத்து முடுக்கினேன்.

பார்த்ததும் சபை மூப்பர் ஒருவர் அதிர்ந்துபோனார். “ஏன்டா, கோயிலுக்குள்ள லாரிக் கண்ணாடியா? அடுத்த வாரம் ஹாரனும் மாட்டுவியா?”

அப்பா உட்கார்ந்து பார்த்தார். “கேட்டு வரைக்கும் தெரியுதே சாமி” என்றார். அவ்வளவுதான். கண்ணாடி அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வழக்கப்படி, பெண்ணை அப்பாதான் கைப்பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நடத்திக் கூட்டி வருவார். அன்றைக்கு ஆர்கனைத் தான் வாசிப்பதாகப் போதகரின் மனைவி சொல்லியிருந்தார். அந்த அம்மா நன்றாகவே வாசிப்பார். எல்லாம் பேசி முடிந்தது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, சோறு தின்றுகொண்டே அப்பா சொன்னார்: “அன்னைக்கு நான்தான் வாசிப்பேன். நடக்க மாட்டேன்.”

அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. நாங்கள் யாரும் அதை எடுக்கவில்லை.

“பெத்த புள்ளயக் கூட்டிட்டு நடக்கறதவிட அந்தப் பொட்டி பெருசாப் போச்சுங்களா?”

“கூட்டிட்டு வர்றவரு வருவாரு.”

“ஆருங்க வருவாங்க? நமக்கு ஆரு இருக்காங்க?”

அப்பா எழுந்து கை கழுவினார். அக்கா அழவில்லை. மறுநாளிலிருந்து தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். வகிடு கோணல்மாணலாகப் போனது. அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். எனக்கோ அந்த ஆர்கனைக் கடப்பாறையால் பிளந்துவிடலாம் போல இருந்தது. எங்களைக் கிணற்றடியில் நிறுத்திக் குளிப்பாட்டிய மனுஷனா இவர் என்று மலைத்துப்போனேன்.

கல்யாணத்தன்று கோயில் நிறைந்துவிட்டது. வாசலில் வெள்ளைப் பட்டு கட்டி, முக்காடு போட்டு அக்கா நிற்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை. மாப்பிள்ளை பீடத்தருகே வந்து நின்றாகிவிட்டது. போதகர் கை காட்டினார். பெண் நடந்து வரும் பாட்டை அப்பா தொடங்கவில்லை. வேறு ஏதோ பாமாலையை வாசித்தார். அது முடிந்ததும் இன்னொன்று. சபை திரும்பித் திரும்பிப் பார்த்து முணுமுணுத்தது. மூப்பர் வந்து அவர் காதருகே குனிந்தார்.

“எந்திரிச்சுப் போயி புள்ளயக் கூட்டிட்டு வாங்க. போதகரம்மா வாசிப்பாங்க.”

அப்பா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். மூப்பர் திகைத்துப்போய்ப் போதகரைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் பாட்டுப் புத்தகம் புரட்ட நின்றிருந்த என்னிடம், வாசித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “கேட்டுக்குப் பக்கத்துல தலப்பாக் கட்டிட்டு ஒருத்தரு நிக்கறாரு பாரு. உன்ற மாமன். போயி, வாங்க மாமான்னு கூப்புடு.”

எனக்கு ஒரு மாமா இருக்கிறார் என்பதே அந்த நிமிஷத்தில்தான் தெரியும். ஆளை எனக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கம் வெள்ளாமை செய்யும் காட்டுக்காரர். அந்த வழியாக எங்களைப் போகவே கூடாது என்பாள் அம்மா. ஏதோ கடிநாய் வளர்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கூப்பிடு தூரத்தில் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன்! வேதக்காரரை, ஒரு கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு போனாள் என்பதற்காக, அத்தனை வருஷமும் ஒரு வார்த்தை பேசாத அண்ணன்!

கேட்டுக்கு ஓடினேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பித்தளைத் தட்டில் பட்டுச் சேலையும் தேங்காயும் பழமுமாக வெயிலில் நின்றிருந்தார். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமனை வீட்டாள் ஒருவர் எதிரே வந்து அழைக்காமல் அவர் வாசல் மிதிக்க மாட்டார். எங்கள் கோயிலிலோ யாரையும் யாரும் அழைப்பதில்லை, வருகிறவர் வந்து உட்கார வேண்டியதுதான். உள்ளே போனவர்களெல்லாம் அவரைப் பந்திக்கு வாழை இலை கொண்டுவந்தவர் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒருவர் “எலயப் பின்னால எறக்குங்க” என்றே சொல்லியிருக்கிறார்.

“வாங்க மாமா.”

“நீ ஆரு சாமி?”

“ஆர்கன் வாசிக்கறவரு பையனுங்க. அப்பா கூப்புடச் சொன்னாருங்க.”

“ஏன், உங்கொப்பனுக்குக் கால் இல்லியா? வந்து கூப்புட்டா கொறஞ்சா போயிருவான்?”

“கால எடுத்தா பாட்டு நின்னுபோயிருமுங்க.”

“நிக்கட்டுமே!” என்று செருப்பைப் பார்த்துத் திரும்பினார்.

செருப்பை மாட்டியிருந்தால் எங்கள் குடும்பத்தின் கதை வேறு. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. தட்டை வெடுக்கென்று பிடுங்கினேன், கோயிலைப் பார்த்து ஓட்டம் பிடித்தேன். “அடேய்! அடேய், சீர்த் தட்டுடா! தேங்கா உருளுது பாரு!” என்று கத்திக்கொண்டே மாமா வெறுங்காலோடு துரத்தினார். வாசல்படி ஏறி அக்காவின் முன்னால் வந்துதான் நின்றோம். மூச்சு வாங்க நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். அக்கா அச்சு அசல் அம்மாவை உரித்து வைத்தவள்.

“அட சாமி…” என்றார்.

கையைக் கோத்து நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. சந்தைக் கூட்டத்தில் குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அதே நொடியில் ஆர்கன் பாட்டை மாற்றியது. தலைப்பாகையும் நெற்றியில் திருநீறுமாக ஒருவர் பீடத்தை நோக்கி நடந்து வர, சபையே எழுந்து நின்றது. அம்மா “அண்ணா” என்று போட்ட சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது.

தட்டோடு ஓரமாக ஓடி நான் அப்பாவிடம் போனேன். என்னை உலுக்கிப்போட்டது அங்கே கண்டதுதான். கண்ணாடிக்குள் அக்காவும் மாமாவும் விரல் அளவில் நடந்து வருகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் கண்ணீர் கட்டைகளின் மேல் சொட்டுகிறது, ஆனாலும் விரல் ஒன்றுகூடத் தப்பவில்லை, கால் நிற்கவில்லை. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. நடக்காமல் போனோமே என்று இப்போதுதான் உறைக்கிறதாக்கும், நன்றாக அழட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து மாமா ஆர்கன் பக்கத்தில் வந்து நின்றார். “ஏன் மாப்பள, புள்ளயப் பத்திரமாக் கொண்டாந்து உட்டுட்டேனுங்க. உங்க பையனக் கொஞ்சம் கட்டி வையுங்க” என்றார். தங்கை புருஷன் என்று ஏற்றுக்கொண்ட அந்த மாப்பிள்ளை என்ற சொல்லுக்காக அப்பா அத்தனை வருஷம் காத்திருந்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

வெகு நாள் கழித்து, டிராக்டர் டிரெய்லர் கட்ட என் பட்டறைக்கு வந்த மாமாதான் சொன்னார். “கல்யாணத்துக்கு முன்னால உங்கொப்பன் என்ற ஊட்டு வாசல்ல வந்து நின்னான். நான் வாசிக்கோணுமுங்க, புள்ளயக் கூட்டிட்டு வர ஆளில்லீங்கன்னான். ஆளில்லியாம்! கல்யாணத்தன்னைக்கு அவன் மட்டும் எந்திரிச்சுக் கேட்டுக்கு வந்திருந்தா, நீங்களே கூட்டிட்டுப் போங்கன்னு தட்டக் குடுத்துட்டு நான் போயிருப்பேன்.” ஆர்கன் அப்பாவுக்குச் சாக்கு. மாமாவுக்கு ஓர் இடம் வேண்டும் என்று தன் இடத்தையே காலி செய்திருக்கிறார். அது எவ்வளவு பெரிய இடம் என்பது, என் மகளைக் கைப்பிடித்து அதே கோயிலில் நான் நடந்த அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே மலர்க் குழுவினருக்குச் சொல்கிறேன். அந்த வரியை அடியுங்கள். அப்பா பார்த்தார். மகள் வாசலில் அடி எடுத்து வைத்ததிலிருந்து பீடம் வந்து சேர்கிற வரைக்கும் கண் எடுக்காமல் பார்த்தார். ஓடிப்போய்த் தட்டைப் பிடுங்கியது யார் என்பதையும் போடுங்கள். இடம் போதாதென்றால் அதை விட்டுவிடுங்கள், சுற்றுச்சுவரையும் இரும்புக் கேட்டையும்கூட விட்டுவிடுங்கள். கண்ணாடியை மட்டும் விடக்கூடாது. அவர் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்தவன் நான்.