வசந்தா மேடம் கேட்டது

வசந்தா மேடம் இன்று காலையில் போய்விட்டார். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில்...

காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் அதற்குள் வரிசையாகக் கும்பிடு. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று போட்டிருக்கிறார் எங்கள் ஹெச்.ஓ.டி.

எரிச்சலாக வருகிறது.

மேடம் எங்கள் காலேஜில் கம்யூனிகேஷன் பேராசிரியர். அவருடைய ரிசர்ச் டிவியைப் பற்றியோ பத்திரிகையைப் பற்றியோ இல்லை. ஸ்பின்னிங் மில்லில் மெஷின் இரைச்சலுக்கு நடுவே பெண்கள் உதட்டையும் கையையும் அசைத்தே பேசிக்கொள்வார்களே... அதைப் பற்றி.

நான் அவரிடம் எம்.ஏ. படித்தபோது எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்துவார். ஷிப்ட் முடிந்த அக்காமார் மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிய பிறகும், ஜன்னல் வழியாகக் கீழே நிற்பவர்களோடு சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்பார்கள்.

"ஏட்டி, அந்த அக்கா என்ன சொல்லுதாவ?"

"வீட்டுல மாவு தீந்து போச்சாம் மேடம்."

"இவ ஒருத்திக்குத்தான் அம்புட்டும் வெளங்குது" என்று மற்றவர்களிடம் சொன்னார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிளாஸ் எடுப்பதென்றால் அவருக்கு உயிர். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு லீவு விட்டால் நாங்கள் குதிப்போம். அவர் மட்டும் எந்தச் சனிக்கிழமை கிளாஸ் வைக்கலாம் என்று காலண்டரைப் புரட்டுவார்.

அந்தக் கிளாஸைத்தான் பிடுங்கினார்கள். "மில்லு பொம்பளைங்க பேசுததெல்லாம் ஒரு ரிசர்ச்சா?" என்று மீட்டிங்கில் வைத்தே கேட்டார் இதே ஹெச்.ஓ.டி. மேடம் இனி அட்மிஷன் வேலையை மட்டும் பார்த்தால் போதுமாம்.

ஈடு செய்ய ஏன் சார் முடியாது? அன்றைக்கே ஆள் போட்டீர்களே. அவரிடம் படித்து, அதே டிபார்ட்மென்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்த நான்தானே அந்த ஆள்.

மேடம் எதிரில் இருந்த என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். நான் குனிந்து ஃபைலைப் புரட்டினேன்.

வெளியே வந்ததும், "நீங்க என்னமோ சொன்னீங்க மேடம்... எனக்கு வெளங்கல" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "சரிட்டி, போ. கிளாஸுக்கு நேரமாச்சு பாரு" என்றார். அவருடைய கிளாஸ் அது.

அதற்குப் பிறகு அட்மிஷன் நோட்டீஸ் கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவர் நிற்பதைக் காலேஜ் பஸ்ஸிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துகொள்வேன். உதடு அசைந்துவிடுமோ என்று பயம்.

போய் வாருங்கள் மேடம்.

"நீயாச்சும் சொல்லுட்டி" என்றீர்கள். அன்றைக்கே விளங்கியது.