காலிக் குளத்துக்குக் காவல்

நகராட்சி நீச்சல் குளத்தில் தண்ணீர் வற்றி வருஷக்கணக்காகிவிட்டது. ஆனால் அதில் யாரும் மூழ்கிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் உயிர்காப்பாளர் இருந்தார். குளத்தை மூட உத்தரவு போட்டவர்கள் அவருடைய வேலையை மூட மறந்துவிட்டார்கள். ஆகவே, ஊரார் விசில் அக்கா என்று கூப்பிடும் அவர் தினமும் காலையில் மஞ்சள் பனியனும் நீலக் கால்சட்டையுமாக வந்து, உயரமான இரும்பு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சருகுகளைக் காவல் காத்தார். ஏதாவது பூனை குறுக்கே ஓடினால் விசில் பறக்கும். குளத்துக்குள் ஓடக் கூடாது என்பது விதி. விதி பூனைக்கும்தான்.

தையல்காரரான அவர் கணவர் சாயங்காலம் தவறாமல் விசாரிப்பார்.

"இன்னிக்கு யாரைக் காப்பாத்துனே?"

"ஒரு பூனையை. ஒரு நன்றி கூடச் சொல்லாமப் போயிடுச்சு."

இருவரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்.

குளம் நிறைந்திருந்த காலத்தில் பெண்களுக்கென்று அவர் ஒரு வகுப்பு நடத்தினார். அதில் சேர்ந்தவர்தான் எதிர்த் தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அம்மா. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தப் பழகிவிட்டார். திரும்புவதைச் சொல்லித் தர வேண்டிய நாளில் குளத்தை மூடிவிட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் அதே புலம்பல்தான்.

"ஏன் விசிலு, எனக்குப் போகத்தான் தெரியும், திரும்பத் தெரியாது. நான் கடல்ல விழுந்தா அடுத்த நாட்டுக்குக் குடிபோக வேண்டியதுதான்!"

குளத்தை மூடியதற்குக் காரணம், அதில் யாரோ மூழ்கியது அல்ல. ஆபீஸ் மூழ்கியதுதான். ஆழமான பக்கத்துச் சுவரின் அடியில் ஒரு விரிசல். அந்தச் சுவருக்குப் பின்னால், கீழே சரிவில், மேலாளரின் அறை. குளத்தை நிரப்பினால் அவர் செருப்பு மிதக்கும்.

அப்படியிருக்கையில்தான் அந்தச் செய்தி வந்தது. பொது நீச்சல் குளங்களைப் புதுப்பிக்க அரசாங்கம் நிதி தருகிறது! நிதி கிடைக்காத குளத்தை மண் கொட்டி மூடி, கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்களாம். வாழ்வா சாவா என்ற கட்டம்.

"அதிகாரி மேடம் ஆய்வுக்கு வர்றாங்க. அசத்திடணும்!" என்றார் மேலாளர்.

ஆய்வு என்ற சொல் காதில் விழுந்தால் அந்த அலுவலகத்துக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: பெயின்ட் அடிப்பது. ஒருமுறை ஒழுகுகிற கூரையைப் பார்க்க அதிகாரி வந்தபோது, கீழே வைத்திருந்த வாளிக்குப் பெயின்ட் அடித்து வைத்தவர்கள் அவர்கள். இந்த முறை முன்னால் நின்றது, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, நம் அக்காதான். தண்ணீரைக் கண்ணால் பார்க்கப் போகிற வெறி! ஹார்டுவேர் கடை அம்மா தூக்கி வந்த சிமென்டை விரிசல்மேல் தானே அப்பினார். காய்ந்ததும் அடித்தளம், சுவர் முழுக்க இருப்பதிலேயே மலிவான நீலத்தைப் பூசினார்கள். லாரி லாரியாகத் தண்ணீர் வந்து இறங்கியது. குளம் தளதளவென்று நிறைந்தபோது அக்கா நாற்காலியில் ஏறி, யாருமே இல்லாத தண்ணீரைப் பார்த்து ஆசை தீர ஒரு விசில் அடித்தார்.

அதிகாரி வந்தார். பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா, எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க!"

மேலாளர் குழைந்தார். "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு நிதி? இடிஞ்சு கிடக்கிற குளத்துக்குத்தான் குடுக்கிறோம். பக்கத்து ஊருக்குப் போயிடலாம், வண்டியை எடுக்கச் சொல்லுங்க."

மேலாளரின் புன்னகை அப்படியே உறைந்தது. குழைந்த முதுகை நிமிர்த்தக்கூட மறந்துவிட்டார். கரையில் நின்ற கடை அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடம், ஒரு நிமிஷம்!" நாற்காலியின் மேலிருந்து அக்கா கத்தினார். "இது வெறும் மேக்கப் மேடம். அடியில விரிசல் இருக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"விசிலு, வாயை மூடு!" என்று பல்லைக் கடித்தார் மேலாளர்.

அக்கா வாயை மூடினார். மூச்சை அடக்க வேறு வழி ஏது? அடுத்த நொடி, பனியனும் கால்சட்டையும் கழுத்தில் தொங்கிய விசிலுமாக, நாற்காலியிலிருந்து ஒரே பாய்ச்சல்!

எத்தனை வருஷத்துக்குப் பிறகு! காது அடைத்தது, தண்ணீர் கன்னத்தை அழுத்தியது. சிரித்தால் மூச்சு போய்விடுமே என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு அடிக்குப் போனார். தான் அப்பிய சிமென்டைத் தானே குதிகாலால் உதைத்தார். அசையவில்லை. அவர் செய்த வேலைகளிலேயே உருப்படியாக அமைந்தது அதுதான் போலிருக்கிறது. இன்னும் ஓங்கி உதைத்தார். பெயர்ந்தது!

மேலே வந்தபோது முகமெல்லாம் நீலம். "யாருப்பா இது?" என்று மேலாளரே மிரண்டார்.

"கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றார் நீல முகம், கரையைப் பிடித்தபடி.

நீர்மட்டம் மெல்ல இறங்கியது. அதிகாரி குனிந்து பார்த்தார். சுவரில் இருந்த நீலம் தண்ணீரோடு வழிய, பழைய வெடிப்புகள் ஒவ்வொன்றாகப் பல்லை இளித்தன. மேலாளரின் அறையிலிருந்து, திறந்த கதவு வழியே, நீலத் தண்ணீர் நெளிந்து வந்தது. அதன்மேல், பழைய ஞாபகத்தில், ஒரு செருப்பு.

"அந்தச் செருப்பு..." என்று இழுத்தார் அதிகாரி.

"என்னோடதுதான் மேடம்," என்றார் மேலாளர், பரிதாபமாக.

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த இரும்பு நாற்காலியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதை விட மோசமான குளத்தை நான் எங்கேயுமே பார்த்ததில்ல. நிதி உங்களுக்குத்தான்!"

அக்கா அடித்த விசிலில் தெருநாய்கள் வரைக்கும் எழுந்து நின்றன. அரைக் குளத்தில் நின்றுகொண்டு, வடிகிற தண்ணீருக்குக் கை தட்டிய உயிர்காப்பாளர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அன்று சாயங்காலம் தையல்காரர் வழக்கம்போல் ஆரம்பித்தார்.

"இன்னிக்கு யாரைக் காப்பாத்துனே? அதென்ன காதுல நீலம்?"

"குளத்தைங்க!" என்றார் அக்கா. அன்றைக்கு மட்டும் சிரிப்புக்குப் பிறகு மௌனம் வரவில்லை. விடாமல் பேசினார்.

விரிசலைத் தோண்டி அடைத்து, புது ஓடு பதித்து, குளத்தைத் திறந்த அன்று முதலில் இறங்கியவர் ஹார்டுவேர் கடை அம்மா. அக்கரை வரைக்கும் பழைய பழக்கத்தில் போய்விட்டார். சுவரைத் தொட்டதும் நின்று, நாற்காலியை அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப என்னடி பண்ணணும்?"

"காலை மடக்கி, சுவரை உதைச்சுத் திரும்பும்மா! நான் அன்னிக்கு உதைச்ச மாதிரி!"

"சுவர் தாங்குமா?"

"உதைச்சுப் பாரு, புதுசு!"

அவர் உதைத்தார்.