எரர் என்று எழுதாத பெமிலா

இது தேங்காய்ப்பட்டணத்தில் உள்ளபடி நடந்த கதை. ஒரு சொல் பொய் கிடையாது. சரி, நாலஞ்சு இருக்கும். வலைக் கிழிசல் தைத்துக்கொண்டே கேட்கிறவர்கள் தூங்கிவிடக் கூடாதே என்று சேர்த்தது.

வள்ளக்காரர் ததேயுஸின் மகள் பெமிலாவுக்கு நாகர்கோவிலில் வேலை. செல்போனில் விளையாடும் படகுப் போட்டி கேம் செய்கிற கம்பெனி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்கிக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதத்துக்காக அவள் கண்ணிமைக்காமல் உழைத்தாள்; இமை துருப்பிடித்தே போனது.

ஓடுகிற கேம் தனக்கு நடப்பதைத் தானே குறித்துவைக்கும். அதற்கு லாக் என்று பேர். சும்மா தகவலுக்கு இன்ஃபோ, சந்தேகமென்றால் வார்னிங், கெட்டுப்போனால் எரர். ஊருக்கு விடுகிற கேமில் எரர் மட்டுமே பதிவாகும், மற்றதெல்லாம் வாயைத் திறக்காது என்று மேலாளர் ஜான்ரோஸ் முதல் நாளே சொல்லியிருந்தார்.

போனில் இடமில்லாவிட்டால் விளையாடியதெல்லாம் சேமிக்கப்படாமல் அழிந்துவிடும். அப்படி ஆனால் கேம் அதை எந்தப் பேரில் குறிக்கவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டியவள் பெமிலா. எரர் என்று அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. ஆள் கடலில் இருக்கும்போது கேடு என்ற பேச்சையே எடுக்காத வீடு. ஒருமுறை எஞ்சின் நின்று வள்ளத்தில் தண்ணீர் ஏறியபோதும் ததேயுஸ் வயர்லெஸ்ஸில் சொன்னது, "கொஞ்சம் மெதுவா வாறோம்." அவ்வளவுதான். அந்த வளர்ப்பில் அவள் வார்னிங் என்று அடித்தாள்.

கேம் வெளியானது. ஆட்டம் பறிபோன பிள்ளைகள் அழுததில் கடல் ஒரு சாண் ஏறியது. லாக்கில் ஒரு வரி கிடையாது. பதினோரு நாள் துழாவிய பிறகு ஜான்ரோஸ் பெமிலா எழுதிவைத்ததில் அந்த வார்னிங்கைக் கண்டார்.

"இது ஒங்க அப்பன் வள்ளம் இல்ல, பெமிலா. கெட்டுப்போச்சுன்னா கெட்டுப்போச்சுன்னு எழுதணும்."

கடிதம் வந்தது. நின்றுகொள்ளச் சொல்லி வந்தது.

அன்று சாப்பிடும்போது, வேலை எப்படிப் போகிறது என்று ததேயுஸ் கேட்டார்.

"கொஞ்சம் மெதுவா போவுது, அப்பா."

அவர் கையிலிருந்த சோறு தட்டுக்கே திரும்பியது.

"தண்ணி எவ்வளவு ஏறிச்சு மக்கா?"

"முங்கிப்போச்சு."

அந்த வீட்டில் அந்தச் சொல் அதுவரை கேட்டதில்லை. மூன்று நாள் ததேயுஸ் கடலுக்குப் போகவில்லை.

நான் இவ்வளவு சொல்வதற்குள், வலை தைத்துக்கொண்டு கேட்டிருந்த முத்துக்கனி ஊசியைக் கீழே போட்டார். பிள்ளையை வாய்மூடி வளர்த்த தகப்பன்தான் குற்றவாளி என்றார். எதிரே இருந்த வேளாங்கண்ணி, போன வருஷம் உன் வள்ளம் கவிழப்போனபோது நீ வயர்லெஸ்ஸில் என்ன சொன்னாய், காற்று நல்லாயிருக்கு என்றுதானே என்று கேட்டார்.

"ஏலே, கரையில கெடந்தவன் பேசாத."

"கரையில கெடந்து கேட்டவன்தாம்ல பேசுவான்."

இருவரும் ஆளுக்கொரு பக்கம் வலையைப் பிடித்து எழுந்தார்கள். தைத்த இடமெல்லாம் படபடவென்று விட்டுக்கொண்டு வந்தது.