மாஸ்டர் என்னைக் கூட்டிப்போன கடற்கரை

என் மாமியார் எனக்குத் தந்த முதல் பொருள் ஒரு புது மண்பானை. அதோடு இரண்டு சட்டிகள், ஓர் அகப்பை, சோறு போட்டுச் சாப்பிட இரண்டு அலுமினியக் கோப்பைகள், ஓர் ஓலைப்பெட்டி நிறைய அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், வெங்காயம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கடற்கரை மணலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார். நான் குனிந்து எடுத்துக்கொண்டேன். கையில் தராமல் தரையில் ஏன் வைக்கிறார் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வகையில் அது அந்தப் பக்கத்து வழக்கம்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் உதவி ஆசிரியை. என் அம்மா அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். ஹட்டனில் கன்னியாஸ்திரிகளிடம் படித்து, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் முதலாவதாகக் கையில் சாக்கட்டி பிடித்தவள் நான். தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலிருந்து வந்தவர். தோட்டமே அவரை மாஸ்டர் என்றது. அவர் என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் நான் அவரை அப்படித்தான் அழைத்தேன். அவர் நல்லவர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயதுப் பிள்ளைகளைக் கொழுந்துக்கு இழுத்துக்கொண்டு போனபோது, நேரே தோட்டத்து நிர்வாகியான பெரியதுரையின் ஆபீசுக்குப் போய் அந்தப் பிள்ளைகளைத் திருப்பிக் கூட்டி வந்தவர் அவர். எங்கள் ஆட்கள் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நிற்கும் ஆபீஸ் அது. மாஸ்டர் உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து பேசினார். அந்த மனிதரைத்தான் நான் விரும்பினேன்.

நுவரெலியாவில் பதிவு செய்துகொண்டோம். அவர் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்ட் விடுமுறைக்கு முன்னால், அவருடைய அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாஸ்டர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். “கடற்கரைத் தென்னங்காணியிலை வீடொண்டு சும்மா கிடக்கு. வெள்ளை அடிச்சு விடுறம். நல்ல காத்து. ரெண்டு பேரும் வந்து பத்து நாள் ஆறுதலாய் நிண்டிட்டுப் போங்கோ.” அவர் வாசிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கையில் தரவில்லை.

அப்பாவுக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. “சம்பந்தி வீடு இருக்கையில கடக்கரையில எதுக்குத் தங்கணும் மாஸ்டர்?” என்று கேட்டார்.

“துரைமார் லீவுக்கு அப்பிடித்தானே மாமா போகினம்? கடலோரத்திலை தனி வீடு. தாங்களே சமைச்சு, தாங்களே சாப்பிட்டு, ஒருத்தற்றை கரைச்சலும் இல்லாமல் இருந்திட்டு வருவினம்” என்றார் மாஸ்டர்.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. டீச்சர் தொரசானி மாதிரி கடலுக்குப் போகிறாள் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெண்கள் பேசிச் சிரித்தார்கள். அதில் பொறாமை இல்லை. தங்களில் ஒருத்தி போகிறாள் என்ற பெருமைதான். அம்மா லயத்துக்குப் பின்னால் இருந்த துண்டுத் தோட்டத்தில் கரட்டும் லீக்ஸும் முட்டைக்கோவாவும் பிடுங்கி, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் மண் போகக் கழுவி, லீக்ஸைத் தன் பழைய சேலையின் நீலக் கரையைக் கிழித்துக் கட்டினார். வீட்டில் சேர்த்து வைத்திருந்த தேயிலைத் தூளைச் சலித்து, வெள்ளைத் துணிப்பையில் போட்டுத் தைத்தார். “சம்பந்தியம்மாவுக்குக் குடு. அவங்க ஊர்ல இப்படி நல்ல தூளு கெடைக்காது” என்றார்.

பொல்காவலையில் ரயில் மாறி, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, தீவில் இறங்கினோம். மாஸ்டரின் அண்ணன் மாட்டு வண்டியோடு நின்றார். ஊருக்குள் போகும் பெரிய தெரு ஒன்று இருந்தது. வண்டி அதில் திரும்பாமல், பனங்கூடல் வழியாக நேரே கரைக்குப் போனது. தென்னங்காணிக் காவல்காரனுக்குக் கட்டி, புதிதாக வெள்ளை அடித்திருந்த குடிசைக்கு முன்னால் மாமியார் சாமான்களோடு காத்திருந்தார். மெலிந்த உருவம், மெதுவான குரல். காய்கறி மூட்டையையும் தேயிலைப் பையையும் நான் நீட்டியபோது அண்ணன் வாங்கி வண்டியில் வைத்தார். “பிள்ளை, எல்லாம் புதுச் சட்டி. உங்கட கைப்பட சமைச்சுச் சாப்பிடுங்கோ. என்ன குறையெண்டாலும் சொல்லி அனுப்புங்கோ” என்றார் மாமியார். அந்தக் குரலில் கடுமை கொஞ்சமும் இல்லை. இன்றும் எனக்கு ஆறாதது அந்தக் குரலின் இனிமைதான். வாசலில் நின்று திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லிவிட்டு அன்றைக்கே வந்திருப்பேன்.

முதல் மூன்று நாட்களைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததில்லை. மலையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் இன்னொரு மலை வந்து கண்ணை நிறுத்திவிடும். இங்கே பார்வை போய்க்கொண்டே இருந்தது. கருவாடும் டின் மீனும் தவிர எனக்கு மீன் தெரியாது. துடிக்கிற மீனைப் பார்த்து நான் பின்வாங்க, மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்து செதிள் சுரண்டிக் காட்டினார். தேங்காய்ப் பால் விட்டு அவரே சொதி வைத்தார். மாலையில் முழங்கால் ஆழத்தில் என்னை நிற்க வைத்து, அலை வரும்போது கையைப் பிடித்துக்கொள்வார். இரண்டு நாள் மட்டும் மத்தியானத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குள் போனார். திரும்பி வந்து, பசி இல்லை என்று நான் போட்ட சோற்றில் பாதியை வைத்துவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

தென்னங்காணிக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் ஊருக்குள்ளிருந்து ஒரு பெண் காலையில் கொண்டுவந்து, என் பானையில் தன் குடம் படாமல் உயரத்திலிருந்து ஊற்றிவிட்டுப் போவாள். நான்காம் நாள் அவள் வரவில்லை. மாஸ்டர் மீன் வாங்கக் கரையோரமாகப் போயிருந்தார். நான் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டித் தடத்தைப் பிடித்து நடந்தேன். ஒரு பெரிய கல்வீட்டின் பின்பக்கம் துலாக் கிணறு ஒன்று தெரிந்தது. அதற்கு முன்னால் மாட்டுக் கொட்டில். தொட்டியில் ஒரு பசு கோவா இலையை மென்றுகொண்டிருந்தது. அதன் வாய்க்குக் கீழே கரட். பக்கத்தில் லீக்ஸ் கட்டு, இன்னும் அவிழ்க்காமல், அம்மாவின் நீலச் சேலைக் கரையோடு.

கிணற்றடியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டு ஓடி வந்தாள். மாஸ்டரின் தங்கை. இருபது வயதிருக்கும். அதுவரை நான் அவளைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். “மச்சாள், நீங்களோ? பானையைக் கீழை வையுங்கோ. நான் வார்த்து விடுறன். நீங்கள் அள்ளக் கூடாது.”

“ஏன் அள்ளக் கூடாது?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அந்த ஆச்சரியத்தில் கபடம் இல்லை. “அண்ணா உங்களுக்குச் சொல்லேல்லையோ? எனக்குக் கலியாணம் பேசுகினம். தோட்டக்காட்டு ஆக்கள் எங்கட வீட்டுக்குள்ளை புழங்கினது தெரிஞ்சால் குழம்பிப் போகுமாம். அதுதான் அண்ணாவே எழுதிக் கேட்டவர், கடற்கரையிலை விட்டால் நாங்களே சமைச்சுச் சாப்பிடுவம், வீட்டுக்கு வரமாட்டம் எண்டு. அம்மா அதுக்குத்தான் ஓமெண்டு எழுதினவ.”

எங்கள் சாதி என்னவென்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தேவைப்படவில்லை. தோட்டக்காட்டார் என்ற ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. நான் வெறும் பானையோடு திரும்பி நடந்தேன்.

மாஸ்டர் மீனோடு வந்தார். நான் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தேன். “நீங்கதான் எழுதிக் கேட்டீங்களா?” என்றேன். எதை என்று அவர் கேட்கவில்லை. மீனைக் கீழே வைத்தார்.

“உன்னை அவமானப்படுத்தக் கூடாது எண்டுதான் அப்பிடிச் செய்தனான்” என்றார். “வீட்டுக்குள்ளை போய், வேறை கோப்பை, வேறை பாய் எண்டு இருக்கிறதை விட இது மரியாதை இல்லையோ?”

“எங்கிட்ட ஏன் சொல்லலைங்க?”

“சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய்.”

“ரெண்டு நாளா மத்தியானம் எங்க சாப்பிட்டீங்க?”

அவர் கடலைப் பார்த்தார். தன் தாயின் கையால் சாப்பிட ஒரு மகனுக்கு ஆசை இருக்கும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் கோப்பையில் சோற்றைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு, அவர் வரட்டும் என்று பசியோடு காத்திருந்தேனே, அந்த இரண்டு மத்தியானங்களை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்? அந்த வீட்டுக்குத் தீட்டு வராமல் இருக்க என்னை ஒரு காவல் குடிசையில் வைத்து, அதற்கு விடுமுறை என்று பெயரும் சூட்டி, என் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் துரைமார் கதை சொன்னாரே, அதை எப்படி மரியாதை என்பது?

மறுநாள் காலை என் துணிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மாஸ்டரும் பெட்டியோடு பின்னால் வந்தார். நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. கல்வீட்டின் முன்பக்கம் போய் வேலிப் படலைக்கு வெளியே நின்றேன். மாமனார் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மாமியார் பக்கத்தில், கையில் தேநீர்க் கோப்பையோடு. மாமனார் எழுந்து நின்றார். “பிள்ளை, வெயிலுக்கை நிக்காதேங்கோ” என்றார்.

அடுத்து, உள்ளே வாருங்கோ என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன். நிஜமாகவே காத்திருந்தேன். அது வரவில்லை.

“மாமி, எங்கம்மா குடுத்தனுப்புன தேயிலையத் திருப்பித் தந்துடுங்க” என்றேன்.

“ஏன் பிள்ளை?”

“மாட்டுக்குப் போட்ட காய்கறிய நான் கேக்கல. தேயிலை மட்டும் போதும். அதுவும் அதே கை பறிச்சதுதான். நீங்க அதைக் குடிக்க வேணாம்.”

மாமியார் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார், பிறகு மகனைப் பார்த்தார். தங்கை உள்ளே போய்த் துணிப்பையை எடுத்து வந்து படலைக் கட்டையின் மேல் வைத்தாள். பாதி குறைந்திருந்தது. நான் எடுத்துக்கொண்டேன். மாஸ்டர் வாய் திறப்பார் என்று நான் மட்டுமல்ல, அவருடைய அம்மாவும் எதிர்பார்த்தார் என்றே நினைக்கிறேன். அவர் சொன்னது ஒன்றே ஒன்று. “பஸ் போயிடும்.”

அன்றே ரயில் ஏறித் தலவாக்கலைக்குத் திரும்பினோம். பத்து நாளுக்குப் போனவர்கள் ஒரு வாரத்துக்குள் வந்து நிற்பதைப் பார்த்து லயத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். மாஸ்டர் அப்பாவிடம், காற்று நன்றாக இருந்தது, இவளுக்குத்தான் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று தொடங்கினார். நான் குறுக்கிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி. பாதித் தேயிலைப் பையை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா பையைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில், எப்போதும்போல அப்பாவின் பித்தளைத் தட்டில் மாஸ்டருக்குச் சோறு போட்டு, “கை கழுவுங்க மாஸ்டர், சோறு ஆறுது” என்றார்.

எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது. மாஸ்டர் சாப்பிட்டு எழுந்து போன பிறகு சண்டை பிடித்தேன். “அதுக்குன்னு பட்டினியா போடுறது?” என்றார் அம்மா. அவ்வளவுதான் அவருடைய பதில். மாஸ்டர் அந்தச் சோற்றைத் தலை நிமிராமல் சாப்பிட்டதை லயமே பார்த்தது.

அதற்குப் பின், அவர் கண்ணை மூடும்வரை, நாற்பது வருடம் அவரோடு வாழ்ந்தேன். மூன்று பிள்ளைகள். அவர் என்னை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. போன மாதம் என் இளைய மகளும் அவள் கணவனும் கிழக்குக் கரையில் கடலோரமாக ஒரு வீடு எடுத்துத் தங்கி வந்தார்கள். தாங்களே சந்தைக்குப் போய் மீன் வாங்கிச் சமைத்ததைப் போனில் படம் படமாகக் காட்டினாள். “அப்பா உங்கள இப்படி எங்கயாவது கூட்டிப் போயிருக்காங்களாம்மா?” என்று கேட்டாள். இத்தனை காலம் பிள்ளைகளிடம் சொல்லாததை அன்று சொன்னேன். அவள் படம் காட்டிக்கொண்டிருந்த போனை மேசையில் வைத்தாள். “அதுக்கப்புறமாவது அப்பா அவங்க வீட்டுல ஏதாவது கேட்டாங்களா?” என்றாள்.

நாங்கள் அந்தக் கடற்கரைக்குப் போய் வந்த அடுத்த வருடம் மாஸ்டரின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. அழைப்பு மாஸ்டர் ஒருவர் பெயருக்குத்தான் வந்தது. போய்விட்டு வந்து, பலகாரப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். “இன்னும் என்னிலை கோவமோ? என்னை மன்னிக்கக் கூடாதோ?” என்றார்.

“எங்கிட்ட எத்தனையோ தடவ மன்னிப்புக் கேட்டுட்டீங்க மாஸ்டர்” என்றேன். “அவங்ககிட்ட ஒரு தடவ, ஏன்னு கேட்டீங்களா?”

அவர் ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, பாடசாலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று இறங்கி நடந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை.